கெயினைத் திருகும் முன் கிரிட்டைப் பாருங்கள்

களக்காடு பக்கம் ஒரு வாழைத்தோட்டம். 10 கிலோவாட் சோலார், அதைக் கிரிட்டில், அதாவது மின்வாரிய லைனில், சேர்க்கும் மூன்று ஃபேஸ் இன்வெர்ட்டர். கண்ட்ரோல் போர்டு என் கைவேலை. மாட்டிக் கொடுத்து ஒரு மாதம் இருக்கும், தோட்டக்கார அண்ணாச்சி கூப்பிட்டார்: "தம்பி, கிணத்து மோட்டாரப் போட்டா ஒம்ம பொட்டி அணைஞ்சிருதுல்லா."

போய் ஃபால்ட் பதிவைப் பார்த்தேன். எல்லா டிரிப்புக்கும் ஒரே காரணம்: ஓவர் ஃபிரீக்வென்சி, 51.8 ஹெர்ட்ஸ். அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். 2013 டிசம்பர் 31 அன்று தென்னகக் கிரிட் வடக்கோடு இணைந்ததிலிருந்து நாடு முழுக்க ஒரே ஃபிரீக்வென்சி. களக்காட்டில் ஒரு 10 எச்பி மோட்டார் அதை 2 ஹெர்ட்ஸ் அசைக்குமா? அந்த 51.8 என் பிஎல்எல், அதாவது கிரிட் அலையின் கோணத்தையும் ஃபிரீக்வென்சியையும் பின்தொடர்ந்து கணிக்கும் லூப், தானாகக் கட்டிய கதை.

தப்பு என்னுடையதுதான். பெஞ்சில் லூப்பின் வேகத்தை 60 ஹெர்ட்ஸுக்கு (இது கிரிட் ஃபிரீக்வென்சி அல்ல, லூப் எவ்வளவு சுறுசுறுப்பாகத் திருத்திக்கொள்ளும் என்பது) டியூன் செய்து, 20 மில்லிசெகண்டுக்குள் சப்ளை அலையோடு லாக் ஆவதைப் பார்த்து மகிழ்ந்து போயிருந்தேன். டேம்பிங்கை (ஆட்டத்தை அடக்கும் அளவு) 0.707 வைத்தால் 20 ஹெர்ட்ஸ் லூப் நிலைகொள்ள ஏறக்குறைய 50 மில்லிசெகண்ட் எடுக்கும். 60 ஹெர்ட்ஸில் அது 17 ஆகிவிடும். காகிதத்தில் கவர்ச்சியான கணக்கு. ஆனால் பெஞ்சில் வருவது சுத்தமான சைன் அலை. தோட்டமோ 11 கேவி ஃபீடரின் வால்முனை. ஒரு ஃபேஸ் எப்போதும் மற்ற இரண்டைவிடத் தாழ்ந்தே நிற்கும்.

பிஎல்எல்லின் பிழை சிக்னலை (அது கணித்த கோணத்துக்கும் அசலுக்கும் உள்ள வித்தியாசம்) அனலாக் பின் வழியாக வெளியே எடுத்து ஸ்கோப்பில் போட்டேன். கோடாகக் கிடக்க வேண்டியது பாம்பு மாதிரி நெளிந்தது, நெளிவுக்கு 10 மில்லிசெகண்ட். அதாவது 100 ஹெர்ட்ஸ். ஃபேஸ்கள் சமமில்லாத 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் இது வந்தே தீரும். 60 ஹெர்ட்ஸ் லூப் அந்த நெளிவையும் உண்மை என்று நம்பிப் பின்னாலேயே ஓடும். கோணம் ஆடும், கரண்டில் மூன்றாம் ஹார்மோனிக் (150 ஹெர்ட்ஸ் கலப்படம்) ஏறும். அந்த நிலையில் மோட்டார் கிளம்பி வோல்டேஜை இழுத்து, ஃபேஸையும் ஒரு தட்டுத் தட்டினால் கேட்கவே வேண்டாம்.

நெல்லையப்பர் தேர் இழுப்பைப் பார்த்தவர்களுக்குப் புரியும். வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருக்கலாம். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் அசந்தால் தேர் திரும்பாது. பிஎல்எல்லில் லூப்பை வேகப்படுத்தும் கெயின் வடம், டேம்பிங் கட்டை.

முதலில் அவசரத்தில் 10 மில்லிசெகண்ட் சராசரி ஃபில்ட்டரை லூப்புக்குள் சொருகினேன். 100 ஹெர்ட்ஸ் துடைத்துப் போனது. ஆனால் அந்த ஃபில்ட்டர் 5 மில்லிசெகண்ட் தாமதம் தருகிறது. 20 ஹெர்ட்ஸுக்குக் குறைத்த லூப்பிலேயே 65 டிகிரி இருந்த ஃபேஸ் மார்ஜின் (லூப் ஆட்டம் போடாமல் இருக்கக் கைவசம் உள்ள இடைவெளி) 10 டிகிரிப் பக்கம் இறங்கிவிட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் ஊஞ்சல் மாதிரி ஆடி ஆடித்தான் நின்றது. ஃபில்ட்டர் போட்டோமே என்று நிம்மதியாகத் தூங்குபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

கடைசியில் கைகொடுத்தது வேறு. சமமில்லாத மூன்று ஃபேஸிலிருந்து சமமான பகுதியான நேர்வரிசை வோல்டேஜை மட்டும் பிரித்தெடுக்கும் டிஎஸ்ஓஜிஐ ஃபில்ட்டரை லூப்புக்கு வெளியே, முன்னால் வைத்தேன். அதற்கும் தாமதம் உண்டு, ஆனால் லூப்பின் மார்ஜினை அந்த அளவுக்குத் தின்பதில்லை. வோல்டேஜின் உயரத்தால் பிழையை வகுத்தேன். இல்லாவிட்டால் வோல்டேஜ் பாதியாகும்போது லூப் கெயினும் பாதியாகி டேம்பிங் கெட்டுவிடும். ஃபிரீக்வென்சியைக் கணிக்கும் இன்டக்ரேட்டருக்கு 45, 55 ஹெர்ட்ஸ் என்று இருபுறமும் வேலி போட்டேன்.

லாக் வேகம்? அதற்குக் கெயின் தேவையே இல்லை. மூன்று ஃபேஸ் சாம்பிளை வைத்து ஆர்க்டேன் போட்டால் கோணம் அங்கேயே கிடைக்கிறது. அதைத் தொடக்க மதிப்பாகவும், ஃபிரீக்வென்சியை 50 ஆகவும் கொடுத்துவிட்டால் லூப்புக்கு மிச்சம் சில்லறைத் திருத்தம்தான். இன்னொன்று, கரண்ட் போய் வந்தபின் இன்வெர்ட்டர் எப்படியும் நிமிடக் கணக்கில் காத்திருந்துதான் இணைய வேண்டும். இன்வெர்ட்டர்களைக் கிரிட்டில் இணைப்பதற்கான ஐஇஇஇ 1547 தரவிதி சொல்லும் இயல்பான காத்திருப்பு 300 வினாடி. அங்கே 30 மில்லிசெகண்ட் மிச்சப்படுத்தி யாருக்கு என்ன லாபம்?

ராதாபுரம், பணகுடி போன்ற ஃபீடர் கடைசிகளில் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு ஒன்று. அங்கே நம் இன்வெர்ட்டர் தள்ளும் கரண்டே நம் முனை வோல்டேஜை மாற்றும். பிஎல்எல் அந்த வோல்டேஜைப் பார்த்துத்தான் கோணம் கணிக்கும். தன் நிழலைத் தானே துரத்துகிற கதை. லூப் வேகம் கூடக் கூட அது மோசமாகும். லூப்பை 10 ஹெர்ட்ஸ் வரை இறக்கக் கூச்சப்படாதீர்கள். போர்டை அனுப்பும் முன் பெஞ்சில் ஒரு ஃபேஸை 15 சதவீதம் குறைத்து, 30 டிகிரி ஃபேஸ் தாவலையும் கொடுத்துப் பாருங்கள்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சியையே மோட்டாரைப் போடச் சொன்னேன். ஆறு தடவை போட்டு நிறுத்தினார். ஸ்கோப்பில் சின்னதாய் ஒரு மேடு எழுந்து இறங்கியது, பொட்டி அணையவில்லை. ஏழாவது தடவை அவர் மோட்டாரை நிறுத்தவில்லை. வாழைக்குத் தண்ணி பாய வேண்டியிருந்தது.