சலிப்பு எந்த இடத்தில் வருகிறது?

தொழில்நுட்பப் பணியில் இருப்பவர்களுக்கு ஆலோசனை வழங்கும் என்னிடம், "எந்த வேலையும் ஓராண்டுக்கு மேல் ஒட்டுவதில்லை, எனக்கு ஏற்ற துறை எது?" என்று கேட்டு வருவோர் பலர். அந்தக் கேள்வியில் உள்ள 'துறை' என்ற சொல்தான் அவர்களை அலைக்கழிக்கிறது. இணையதள மென்பொருளில் சலித்தவர் தரவு அறிவியலுக்குத் தாவுகிறார், அங்கும் சலித்தால் சைபர் பாதுகாப்புக்குப் போகிறார். எல்லாம் புதிதாக இருக்கும் முதல் சில மாதங்கள் தெம்பாகக் கழிகின்றன, பிறகு பழைய அலுப்பே புதிய நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தொடக்க காலத்தில் நானும் துறை மாற்றத்தைத்தான் பரிந்துரைத்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சலிப்பைச் சோம்பலின் மறுபெயராகப் பார்ப்பவர்களுக்கு நான் ஒரு பழைய சோதனையை நினைவூட்டுவதுண்டு. ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நேரம் செல்லச் செல்ல ஏன் தவறவிடுகிறார்கள் என்பதை ஆராய்ந்த உளவியலாளர் நார்மன் மாக்வொர்த், சீராகத் தாவிக்கொண்டிருக்கும் ஒரு முள் எப்போதாவது இரட்டைத் தாவல் தாவும்போது மட்டும் விசையை அழுத்த வேண்டும் என்று ஒரு கடிகாரத்தை அமைத்தார். அரை மணி நேரத்துக்குள்ளாகவே கண்டுபிடிக்கும் திறன் சரியத் தொடங்கியதை 1948இல் வெளியிட்டார். அதாவது, சில வேலைகளின் அமைப்பே யாருடைய கவனத்தையும் மழுங்கடித்துவிடும்.

ஆகவே நான் இப்போது துறையை விட்டுவிட்டு, சலிப்பு தலைகாட்டும் நேரத்தைக் கேட்கிறேன். ஆறு ஆண்டுகளில் நான்கு நிறுவனங்கள் மாறிய மென்பொருள் பொறியாளர் ஒருவரிடம், வேலைக்கு நடுவே காரணமின்றிக் கைப்பேசியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அப்போது செய்துகொண்டிருந்ததை ஒரு வரியில் எழுதிவைக்கச் சொன்னேன். மூன்று வாரக் குறிப்பேட்டில், கோளாறின் மூலத்தைத் தேடிய மணிநேரங்களில் ஒரு வரிகூட இல்லை. ஒருநாள் மதிய உணவையே மறந்திருந்தார். காரணம் தெரிந்த பிறகு திருத்தத்தை எழுதுவது, ஒப்புதலுக்குக் காத்திருப்பது, நிலவரக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது ஆகியவற்றின் பக்கத்தில் மட்டும் வரிகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அவருக்கு மென்பொருள் அலுக்கவில்லை, விடை தெரிந்துவிட்ட கணக்குதான் அலுத்தது.

இப்படிப்பட்டவர்கள் ஒரு பணியை எடைபோடும்போது இரண்டைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து: செய்ததன் விளைவு எத்தனை நாளில் கண்ணுக்குத் தெரிகிறது என்பதும், அன்றாட வேலையில் விடை தெரியாத பகுதி எவ்வளவு என்பதும். எத்தகைய வேலை ஒருவருக்கு ஊக்கம் தரும் என்பதை விளக்க, ஆய்வாளர்கள் ஹேக்மனும் ஓல்ட்ஹாமும் 1976இல் முன்வைத்த பணிப்பண்பு மாதிரியில் திறன்களின் பன்மை, தன்னுரிமை ஆகியவற்றோடு, வேலையிலிருந்தே கிடைக்கும் பின்னூட்டமும் இடம்பெற்றிருப்பது தற்செயலானதன்று. சர்வர் செயலிழப்புகளை ஆராய்வது, ஒரு அமைப்பின் பாதுகாப்பு ஓட்டைகளை அனுமதியோடு தாக்கிப் பார்த்துக் கண்டறியும் ஊடுருவல் சோதனை, பிறரால் தீர்க்க முடியாத வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் உயர்நிலை சப்போர்ட், கருவிகளை நேரில் சென்று சரிசெய்யும் களப்பணி ஆகியவற்றில் இவ்விரண்டும் பெரும்பாலும் கிடைக்கும். நள்ளிரவு அழைப்புகளும் சேர்ந்தே கிடைக்கும். தூக்கம் கெட்டால் நொடிந்துபோகிறவர் அதை முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும். நேர்முகத் தேர்வில், "கடந்த செவ்வாய்க்கிழமை முழுவதும் இந்தக் குழுவில் ஒருவர் என்ன செய்தார்?" என்று கேளுங்கள், பணி விவரக் குறிப்பில் வராத உண்மை அந்தப் பதிலில் வெளிப்படும்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. சிறு வயதிலிருந்தே கவனச்சிதறலும் மறதியும் தொடர்ந்து வருமானால், அது ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைபாட்டுக் கோளாறாக இருக்கலாம். பிடித்த பொழுதுபோக்குகள்கூட இரண்டு வாரங்களுக்கு மேலாக ருசிக்காமல் போனால், அது மனச்சோர்வாக இருக்கலாம். இரண்டுக்கும் முதலில் போக வேண்டியது மருத்துவரிடம், என்னைப் போன்றவரிடம் அன்று.

அந்தப் பொறியாளர் தன் நிறுவனத்துக்குள்ளேயே கோளாறு ஆராயும் குழுவுக்கு மாறி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அறிக்கை எழுதுவது அவருக்கு இன்றும் வேப்பங்காய்தான். காரணத்தைக் கண்டுபிடித்த சூடு ஆறுவதற்குள், எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் போகாமல், அதே இருக்கையில் எழுதி முடித்துவிடுகிறார்.