பந்து வட்டம் இல்லை

ஒன்றாம் வகுப்பில் ஒரு பந்தைத் தூக்கிக் காட்டி "இது என்ன வடிவம்?" என்று கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள் "வட்டம்" என்றுதான் சொல்கிறார்கள். வீட்டில் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சுவரில் தொங்கும் சார்ட்டிலும் வட்டத்துக்குப் பக்கத்தில் பந்துதான் இருக்கிறது. நானும் முதல் சில வருடங்கள் அந்தப் பதிலுக்கு "சரி" போட்டிருக்கிறேன். அது தவறு என்று புரிந்த பிறகுதான் வடிவங்கள் பாடத்தை நான் நடத்தும் விதமே மாறியது.

வட்டம் தாளில் கிடப்பது. அதைக் கையில் அள்ள முடியாது. பந்து இடத்தை அடைத்துக்கொள்கிற பொருள். அதன் வடிவத்துக்குக் கோளம் என்று பெயர். இந்த வேறுபாட்டைச் சொல்ல கடினமான சொல் எதுவும் தேவையில்லை. நம் சமையலறையிலேயே அது இருக்கிறது. லட்டை யாரும் வட்டமாகப் பிடிப்பதில்லை, உருண்டை பிடிக்கிறோம். அப்பளத்தை யாரும் உருண்டையாக இடுவதில்லை. எள்ளுருண்டை, பொரி உருண்டை என்று நாலு வயதுப் பிள்ளை சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதற்கு நடுவில் நாம் "ரவுண்டு" என்ற ஒரே சொல்லைக் கொண்டுவந்து இரண்டையும் கலக்கிவிடுகிறோம். அதனால் பெற்றோரிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதுதான்: "உருண்டை", "வட்டம்" இரண்டையும் தனித்தனியாகப் புழங்குங்கள். கோளம் என்ற சொல் பிறகு தானாக வந்து உட்காரும்.

வழக்கமாகத் தட்டை வடிவங்களை முதலில் நடத்துவோம்; கன உருவங்கள் பின்னால் வரும். தாளில் வரைவது நமக்கு எளிது என்பதால் அப்படிச் செய்கிறோம். குழந்தைக்கு அது தலைகீழ். பிறந்ததிலிருந்து அது பிடித்தது, கடித்தது, உருட்டியது எல்லாமே கனப் பொருள்கள்தான். ஜெர்மனியில் 1837இல் குழந்தைப் பள்ளியைத் தொடங்கிய ஃப்ரோபல், குழந்தைகளுக்குக் கொடுத்த விளையாட்டுப் பொருள்களில் மரக் கோளம், உருளை, கனசதுரம் மூன்றையும் முன்னால் வைத்தார். தட்டையான பலகைத் துண்டுகள் அந்த வரிசையில் வெகு பின்னால்தான் வரும். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்த மரியா மாண்டிசோரியின் முறையில், குழந்தைகள் கன உருவங்களைக் கண்ணைக் கட்டிக்கொண்டு தடவிப் பார்த்து அறிவார்கள்.

அதை நான் ஒரு மஞ்சப்பையில் செய்கிறேன். தீப்பெட்டி, கோலிக்குண்டு, மெழுகுவர்த்தித் துண்டு, தாயக்கட்டை, அட்டையில் சுருட்டிய கூம்பு எல்லாவற்றையும் பையில் போட்டுவிடுவேன். கையை உள்ளே விட்டு, பார்க்காமல், கைக்குப் படுவதைச் சொல்ல வேண்டும். "கூராக் குத்துது", "வழவழன்னு இருக்கு, முனையே இல்ல" என்று அவர்களே விளிம்பையும் முனையையும் கண்டுபிடிக்கிறார்கள். பெயரை நான் அன்று சொல்வதில்லை. அடுத்த நாள் அதே பொருள்களைச் சாய்வான பலகையில் வைத்துப் பார்ப்போம். எது உருளும், எது சறுக்கும், எதன்மேல் எதை அடுக்கலாம்? மெழுகுவர்த்தித் துண்டு நிமிர்ந்து நின்றால் சறுக்கும், படுத்தால் உருளும். அதில் குழந்தைகளுக்கு அவ்வளவு வியப்பு. அப்போதுதான் "இது உருளை" என்பேன். உடனே ஒரு குரல் வரும்: "உருளைக்கிழங்கா டீச்சர்?" நல்ல கேள்வி. ஒரு கிழங்கையும் எடுத்து வைத்து, இரண்டு பக்கமும் தட்டையாக இருக்கிறதா என்று தடவிப் பார்க்கச் சொன்னால் போதும்.

அப்புறம்தான் தட்டை வடிவங்கள். தீப்பெட்டியின் ஒரு பக்கத்தை மையில் தொட்டுத் தாளில் ஒற்றினால் செவ்வகம் வருகிறது. வேறு பக்கத்தை ஒற்றினால் வேறு அளவில் ஒரு செவ்வகம். மூன்றாவது பக்கம் இன்னும் சின்னது. ஒரே பெட்டிக்குள் மூன்று அளவுச் செவ்வகங்கள், ஒவ்வொன்றும் இரண்டு முறை. மெழுகுவர்த்தியின் அடியை ஒற்றினால் வட்டம். பந்தை ஒற்றினால்? ஒரு புள்ளிதான் விழும். "வட்டத்தக் காணோம் டீச்சர்" என்று சென்ற ஆண்டு ஒரு சிறுவன் பந்தைத் திருப்பித் திருப்பி ஒற்றிப் பார்த்தான். பந்து வட்டம் இல்லை என்று நான் பத்து முறை சொல்லியிருந்தாலும் அவனுக்கு அப்படி உறைத்திருக்காது.

சார்ட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பார்த்த சார்ட்டுகளில் முக்கோணம் எப்போதும் அடிப்பக்கம் கீழே படுத்து, மூன்று பக்கமும் சமமாக, கோயில் கோபுரம் மாதிரி நிற்கிறது. அதையே பார்த்துப் பழகிய குழந்தை, ஒல்லியான முக்கோணத்தை "ஊசி" என்கிறது. திருப்பி வைத்தால் "தப்பா இருக்கு" என்கிறது. சதுரத்தைச் சாய்த்துக் காட்டினால் "டைமண்ட்" ஆகிவிடுகிறது. இந்த வயதில் குழந்தை வடிவத்தின் பண்புகளைப் பார்ப்பதில்லை, மொத்தத் தோற்றத்தைத்தான் பார்க்கிறது. நெதர்லாந்தில் பியர் வான் ஹீல, டீனா வான் ஹீல என்ற ஆசிரியத் தம்பதி 1957இல் இதைப் படிநிலைகளாகப் பிரித்து விளக்கினார்கள். அடுத்த படிக்குப் போக வயது மட்டும் போதாது, என்ன அனுபவம் கொடுக்கிறோம் என்பதே முக்கியம் என்பது அவர்கள் கருத்து. எனவே முக்கோணத்தை அட்டையில் வெட்டி, கையில் கொடுத்து, சுற்றவிடுங்கள். எப்படித் திருப்பினாலும் மூன்று பக்கம், மூன்று முனை. குட்டை, நெட்டை, கோணல் என்று எல்லா வகையும் இருக்கட்டும்.

இன்னொன்று, "சதுரம் செவ்வகம் இல்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான்கு மூலைகளும் செங்கோணமாக உள்ள எந்த நாற்கரமும் செவ்வகம்தான். சதுரம் அதில் ஒரு வகை. ஒன்றாம் வகுப்பில் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் பின்னால் மறக்கடிக்க வேண்டிய ஒன்றை இப்போது ஏன் சொல்லிக் கொடுக்க வேண்டும்?

வீட்டில் செய்ய எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று இருக்கிறது. ஒரு பவுடர் டப்பாவையும் காபி டம்ளரையும் தரையில் உருட்டிவிடுங்கள். டப்பா நேராகப் போகும். டம்ளர் வளைந்து வளைந்து வட்டமடிக்கும். வாய்ப் பக்க வட்டம் பெரிது, அடிப்பக்க வட்டம் சிறிது. ஒரு சுற்றில் பெரியது அதிக தூரம் போவதால் டம்ளர் திரும்புகிறது. இரண்டும் உருளை என்று நினைத்த குழந்தை அங்கே நின்று யோசிக்கும். பத்தாம் வகுப்பு அளவியலில் கூம்பின் இடைக்கண்டம், அதாவது நுனியை வெட்டிய கூம்பு, என்று படிக்கப்போவது அந்த டம்ளரைத்தான். இப்போது பெயர் வேண்டாம், உருட்டட்டும்.

பற்பசை டப்பாவைத் தூக்கிப்போடும் முன் விளிம்போடு வெட்டிப் பிரித்து, குழந்தையின் முன்னால் தரையில் விரியுங்கள். ஆறு பக்கங்களுக்கும் ஆறு நிறம் தீட்டச் சொல்லுங்கள். பிறகு மடித்துப் பழையபடி டப்பாவாக்கட்டும். ஒட்டுவதற்காக விட்டிருக்கும் மடிப்புகளை முதலிலேயே கத்தரித்துவிடுவது நல்லது. மறந்துவிட்டால் குழந்தை ஒன்பது, பத்து என்று எண்ணும். அப்போது திருத்தாமல், மடித்த பிறகு எது உள்ளே போய் ஒளிந்துகொண்டது என்று தேடச் சொல்லுங்கள்.