மாடி வெயிலுக்கும் பிளானில் இடம் வேண்டும்

போன மார்கழியில் சத்துவாச்சாரியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போன் செய்தார். "சார், வைகாசியில ஒரு நாளைக்கு 13 யூனிட் காட்டிச்சு. இப்ப எட்டுகூட வரல. சோலார் பேனல் கெட்டுப்போச்சா?"

பிற்பகல் மூன்று மணிக்கு மாடி ஏறிப் பார்த்தேன். பேனலில் ஒரு குறையும் இல்லை. கன்னி மூலையில் உயர்த்தி வைத்த தண்ணீர் டேங்கின் நிழல், ஆறு பேனல்களில் இரண்டின்மேல் விழுந்து கிடந்தது.

வேலூரில் இதை அடிக்கடி பார்க்கிறேன். வாஸ்துப்படி டேங்க் தென்மேற்குக்குப் போகிறது. கோடையில் இடம் பார்த்தால் சிக்கல் தெரியாது. அப்போது பிற்பகல் சூரியன் வடமேற்கில் இறங்கும், நிழல் வேறு பக்கம் போய்விடும். மார்கழியில் சூரியன் தென்மேற்கில் தாழ்ந்து வரும். 10 அடி உயர டேங்கின் நிழல் மூன்று மணிக்கே 14 அடி நீளும். பேனல்கள் சரமாக இணைக்கப்பட்டவை. ஒன்றிரண்டில் நிழல் விழுந்தாலும் மொத்தச் சரமும் தடுமாறும். நிழல் விழுந்த பகுதியை விட்டு மின்சாரத்தைச் சுற்றி அனுப்பும் பைபாஸ் டயோடு ஓரளவுதான் காப்பாற்றும்.

ஒரு கிலோவாட் பேனலுக்குச் சுமார் 100 சதுர அடி வெயில் வேண்டும். நம் ஊரில் அது சராசரியாக தினம் 4 யூனிட் தரும். 2024-ல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். மானியத்தைக் கேட்டு வருபவர்கள், அந்த 300 சதுர அடி மாடியில் எங்கே என்று கேட்பதில்லை. அதுதான் என் கவலை.

காட்பாடி, பாகாயம் பக்கம் மனைகள் சிறியவை, வீடுகள் நெருக்கம். தெற்கு வீட்டுக்காரர் நாளை இன்னொரு மாடி எழுப்பினால் உங்கள் வெயில் போச்சு. 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. இன்று அது இல்லாத வீட்டு வரைபடம் இல்லை. மார்கழி நிழல் எதுவரை விழும் என்பதும் அதே வரைபடத்தில் வர வேண்டும். மனைப்பிரிவு போடும்போதே தெருவின் டிரான்ஸ்பார்மரையும் யோசிக்க வேண்டும். எல்லா வீடும் நண்பகலில் மீதி மின்சாரத்தைத் தெரு லைனுக்குத் திருப்பி அனுப்பினால் வோல்டேஜ் ஏறி, பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர்கள் நின்றுவிடும்.

டேங்கை இடம் மாற்றச் சொல்லி யார் நம்பிக்கையையும் நான் தொடுவதில்லை. ஆசிரியர் வீட்டில் அந்த இரண்டு பேனல்களைக் கழற்றி வடகிழக்கு ஓரத்துக்கு நகர்த்தினோம், அவ்வளவுதான்.

விருதம்பட்டில் வீடு கட்டும் தம்பதி, மேல்தளம் கான்கிரீட் போடும் முன்பே கூப்பிட்டார்கள். கம்பி கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் சொல்லி, மாடியிலிருந்து மீட்டர் பெட்டிவரை ஒயருக்கான குழாயையும் ஸ்டாண்டுக்கான போல்ட்டுகளையும் அன்றே பதித்துவிட்டோம்.