லைட்ஸ்கிரைப்: தமிழில் ஒளிப்பொறிப்பு

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடைகளில் டிவிடி டிரைவ்களைப் புரட்டினால், சிலவற்றின் முகப்பில் 'லைட்ஸ்கிரைப்' என்ற முத்திரை இருக்கும். கடைக்காரர் தமிழ் பேசுபவராக இருந்தால், "அது லேபிள் அடிக்கிற டிரைவு சார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். சரியான விளக்கம்தான்: சிடி, டிவிடி வட்டின் மேல்பக்கத்தில் பெயரையும் படத்தையும் லேசரால் போடும் நுட்பம் அது. அந்தப் பெயரும் அதற்கு நாம் வைக்கும் பெயர்களும்தான் கொஞ்சம் குழப்பம்.

'லைட்' என்றால் ஒளி. 'ஸ்கிரைப்' என்பது எழுதுவதைக் குறிக்கும் 'ஸ்கிரீபெரே' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அது ஏடு எழுதுபவரையும் குறிக்கும், உலோகத்திலும் மரத்திலும் கூர்முனையால் கோடு கிழிப்பதையும் குறிக்கும். இரண்டையும் சேர்த்து 'ஒளியால் எழுதுவது' என்ற பொருளில் எச்.பி. நிறுவனம் 2004-இல் இந்தப் பெயரை வெளியிட்டது. யோசனை அங்கே வேலை பார்த்த பொறியாளர் டாரில் ஆண்டர்சனுடையது.

முதலில் வழக்கம்போல் தகவலைப் பதிய வேண்டும். அப்புறம் வட்டைத் திருப்பி, முகப்புப் பக்கம் கீழே இருக்கும்படி அதே டிரைவில் போட வேண்டும். முகப்பில் வெளிர் பொன்னிறத்தில் ஒரு சாயப்பூச்சு உண்டு. 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் பட்ட இடம் மட்டும் கறுக்கும், ஏ.டி.எம். சீட்டில் சூடு பட்ட இடம் கறுப்பதைப் போல. படம் உள்ளிருந்து வெளியே வட்டம் வட்டமாக வளரும். வட்டின் நடுத்துளையை ஒட்டி அச்சிட்டிருக்கும் குறிகளைப் படித்து, வட்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று டிரைவ் தெரிந்துகொள்ளும். அதனால் ஏற்கெனவே போட்ட படத்தின் மேலேயே மறுபடி ஓட்டி அதை இன்னும் கறுப்பாக்கலாம், இல்லை வெற்றிடத்தில் புதிதாக ஒரு வரி சேர்க்கலாம்.

இதை 'லேசர் செதுக்கல்' என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது. செதுக்கினால் சீவல் விழ வேண்டும். இங்கே எதுவும் பெயர்வதில்லை, நிறம்தான் மாறுகிறது. 'எரித்தல்' என்பதோ 'பர்ன்' என்ற சொல்லை அப்படியே தூக்கி வந்தது. "சிடியை எரித்துக் கொடு" என்று பாட்டியிடம் சொன்னால் தீப்பெட்டியைத் தேடுவார். பேச்சில் நாம் 'ரைட் பண்ணு', 'அடிச்சுக் கொடு' என்றுதான் சொல்கிறோம். எழுத்தில் தகவலுக்குப் 'பதிதல்' போதும்.

முகப்புக்கு என்ன சொல்வது? 'பொறி' என்ற நல்ல சொல் கையிலேயே இருக்கிறது. அதற்குத் தீப்பொறி என்றும் பொருள், இயந்திரம் என்றும் பொருள், அடையாளக்குறி என்றும் பொருள். சேரன் இமயத்தில் வில் பொறித்தான் என்கிறோம், கல்வெட்டில் பெயர் பொறித்திருக்கிறது என்கிறோம். ஒளியும் சூடும் இயந்திரமும் குறியும் சேரும் இந்த வேலைக்கு 'ஒளிப்பொறிப்பு' கச்சிதம். வல்லின றகரம் மட்டும் தவறக் கூடாது. 'பொரித்த வட்டு' என்று எழுதினால் அது எண்ணெய்ச் சட்டிக்குப் போய்விடும்.

'லேபிள்' என்பதற்கு அகராதிகள் தரும் 'சீட்டு' இங்கே ஒத்துவராது. ஒட்டும் சீட்டே வேண்டாம் என்பதற்குத்தானே இந்த நுட்பம். சீட்டு கோணலாக ஒட்டினால் வேகமாகச் சுழலும் வட்டு ஆட்டம் காணும். ஓரம் பெயர்ந்தால் டிரைவுக்குள் சிக்கும். எனவே 'வட்டு முகப்பு' என்றே சொல்லலாம். வட்டைத் தமிழ்நாட்டில் 'குறுந்தகடு' என்றும் இலங்கையில் 'இறுவட்டு' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு வெறும் 'வட்டு' போதும், டிவிடிக்கும் சேர்த்துப் பொருந்தும்.

பெங்களூரு அல்சூர் பக்கத்துக் கல்யாணத்துக்கு மணமக்கள் பெயரைத் தமிழில் பொறிக்க நினைப்பவர் தடித்த எழுத்துருவை எடுப்பது நல்லது. படம் சாம்பல் நிறத்தில் வெளிறியே விழுவதால், மெல்லிய எழுத்தில் புள்ளிகள் காணாமல் போய்விடும். நடுத்துளையை ஒட்டி ஒரு வளையத்தில் பெயரை மட்டும் வைத்தால் சில நிமிடங்களில் முடியும். முழு முகப்பையும் நல்ல தரத்தில் நிறைக்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். வெயிலில் வைத்தால் படம் மங்கும், பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். இதற்கென்று பூசிய வட்டுதான் வேண்டும், சாதாரண வட்டில் எதுவும் விழாது.

யமஹாவும் இதே வேலையில் இறங்கியது. லைட்ஸ்கிரைப்புக்கு முன்பே, 2002-இல், அது கொண்டுவந்த முறையில், தகவல் பக்கத்தில் பதியாமல் மிஞ்சிய இடத்திலேயே படம் விழும். பெயர் 'டிஸ்க் டாட்டூ'. அதைத் தமிழாக்க யோசிக்கவே வேண்டாம்: வட்டில் பச்சை குத்துவது.