விளிம்பு தெரியாத பெட்டி: ஹேம்ஸ்டருக்கு வீட்டிலேயே கூடு செய்பவர்களுக்கு

ஹேம்ஸ்டர் என்னும் சிறு வளர்ப்பு எலியின் பல்லுக்குத் தாங்கும் கூடு வேண்டும் என்று கால்நடை மருத்துவரான என்னிடம் கேட்பவர்கள், பெரும்பாலும் கைப்பேசியில் ஒரு படத்தையும் காட்டுவார்கள். பிளாஸ்டிக் பெட்டியில் அரைவட்டமாகக் குடைந்த ஒரு துளை. அதற்குக் கீழே தேங்காய்த் துருவல்போலக் குவிந்துகிடக்கும் சுருள்கள். “இன்னும் எவ்வளவு தடிமனான பெட்டி வாங்கினால் நிற்கும், டாக்டர்?” என்பதுதான் கேள்வி. பதில் சொல்வதற்கு முன் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். பல் முதலில் பட்ட இடம் அதிலேயே தெரிந்துவிடும். காற்றோட்டத்துக்காகச் சுவரில் வரிசையாகப் போட்ட ஓட்டைகளில் ஒன்று. அல்லது மூடி சரியாகப் பொருந்தாத மூலை.

ஹேம்ஸ்டரின் முன்வாயில் மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு வெட்டுப்பற்கள். ஆயுள் முழுவதும் வளர்பவை. முன்பக்கத்தில் மட்டும் கெட்டியான எனாமல். பின்பக்கம் அதைவிட மென்மை. மென்மையான பக்கம் சீக்கிரம் தேய்வதால் நுனி எப்போதும் உளியாகவே நிற்கிறது. மேற்பல் ஓரிடத்தில் ஊன்றிக்கொள்ள, கீழ்ப்பல் செதுக்கும். ஊன்றிக்கொள்ள ஒரு விளிம்பு கிடைத்தால்தான் இந்த வேலை நடக்கும். வழவழப்பான தட்டைச் சுவரில் பல் வழுக்கிவிடும். ஆகவே தடிமன் அடுத்த விஷயம். உள்ளே இருக்கும் பிராணியின் வாய்க்கு ஒரு விளிம்புகூட எட்டக் கூடாது என்பதே முதல் விதி. (பல் ஆரஞ்சு நிறமாக இருக்கிறதே என்று பதறி வருபவர்களும் உண்டு. அதுதான் அதன் நிறம். துலக்க வேண்டாம்.)

அப்படியென்றால் கம்பிக்கூடு வாங்கிவிடலாமே, இரும்பைக் கடிக்க முடியாதே என்பார்கள். முடியாதுதான். ஆனால் அது முயல்வதை நிறுத்துவதில்லை. கம்பியை இரவெல்லாம் கடித்த ஹேம்ஸ்டரைப் பரிசோதனை மேசையில் வைத்துப் பிடரித் தோலைப் பிடித்தால் உதடு பின்வாங்கி வாய் தெரியும்: மேற்பல் ஒன்று குறுக்கே முறிந்திருக்கும், எதிரில் தேய்க்கத் துணையில்லாத கீழ்ப்பல் வளைந்து நீண்டு மேலண்ணத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும், மூக்குத் தண்டின் மேல் மயிர் உதிர்ந்து, தோல் சிவந்து பளபளக்கும். பல் வளர்கிறதே, கடித்தால்தானே தேயும் என்று பலர் இதை அனுமதிக்கிறார்கள். பல் தேய்வது முக்கியமாக மேலும் கீழும் ஒன்றோடொன்று உரசுவதால்தான். அதற்கு இரும்பு தேவையில்லை. இன்னொன்று: கீழ்ப்பற்கள் மேற்பற்களைவிடப் பல மடங்கு நீளமாக இருப்பது இயல்பு. அதைப் பார்த்துவிட்டு வீட்டு நகவெட்டியால் நறுக்கிவிடாதீர்கள். பல் நீளவாக்கில் வேர்வரை பிளந்துவிடும்.

ஏன் கடிக்கிறது என்பதற்கும் ஓரளவு விடை இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டு 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், சிரிய ஹேம்ஸ்டர் என்றும் சொல்லப்படும் தங்கநிற ஹேம்ஸ்டர்களை 10, 40, 80 சென்டிமீட்டர் ஆழமுள்ள படுக்கைகளில் (கூட்டின் தரையில் நிரப்பும் மரச்சீவல், காகிதம் போன்றவை) வளர்த்துப் பார்த்தார்கள். 10 சென்டிமீட்டரில் இருந்தவை மற்றவற்றைவிட அதிகமாகக் கம்பியைக் கடித்தன. 80 சென்டிமீட்டரில் இருந்தவை கடிக்கவே இல்லை. சிரியாவின் வயல்வெளியில் இதே பிராணி அரை மீட்டருக்கும் ஆழமாக வளை தோண்டி வாழ்கிறது. நாம் அதற்கு இரண்டு விரற்கடை மரச்சீவலைப் போட்டுவிட்டு, சுவரைக் கடிக்கிறதே என்று கோபித்துக்கொள்கிறோம். இங்கே சிங்கப்பூரில் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பி.எஸ்.எல்.இ. முடிந்த கையோடு பிள்ளைக்கு வாங்கித் தரும் அந்த வண்ணவண்ணக் குழாய்க் கூடு, என்னைக் கேட்டால், ஹேம்ஸ்டருக்குச் செய்ததல்ல. பிள்ளையின் கண்ணுக்குச் செய்தது.

இனி கூட்டுக்கு வருவோம். தரையளவு குறைந்தது 100 சென்டிமீட்டருக்கு 50 என்பது ஜெர்மானிய விலங்குநல மருத்துவர்கள் சொல்லும் அளவு. என் முதல் பரிந்துரை பழைய மீன்தொட்டி. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டி, அகலத்தில் சற்றுக் குறைந்தாலும், மொத்தப் பரப்பில் இந்தத் தரையளவைத் தாண்டிவிடும். நீர் கசிகிறது என்று விற்பவர்கள் இணையத்தில் அடிமாட்டு விலைக்குத் தருகிறார்கள். கசிவு ஹேம்ஸ்டருக்கு ஒரு பொருட்டில்லை. கண்ணாடியைப் பல் தொடாது, ஆழமான படுக்கையும் நிற்கும். கனம்தான் தொல்லை. வைத்தபின் நகர்த்த நினைக்காதீர்கள்.

பிளாஸ்டிக் சேமிப்புப் பெட்டிதான் வசதி என்றால், கிடைப்பதிலேயே பெரியதாக, உட்புறம் வரம்புகளும் கைப்பிடிக் குழிகளும் துருத்தாததாக எடுங்கள். சுவரில் ஓட்டை போடவே வேண்டாம். காற்று முழுவதும் மூடி வழியாக வரட்டும். மூடியின் நடுவில், ஓரமாக நான்கு விரல் அகலம் மட்டும் விட்டு, பெரிய செவ்வகமாக வெட்டி எடுத்துவிடுங்கள். வெட்டிய ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்குங்கள். அந்தச் சன்னலைக் கம்பிவலையால் மூட வேண்டும். பலர் தவறும் இடம் இதுதான்: பார்வைக்கு அழகாக இருக்கும் என்று வலையை மூடியின் மேற்புறத்தில் பொருத்துகிறார்கள். அப்போது வெட்டிய பிளாஸ்டிக் ஓரம் முழுவதும் உள்ளே, பல்லுக்கு நேராக இருக்கும். வலை உட்புறம் வர வேண்டும். வெட்டிய ஓரத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் 3 சென்டிமீட்டராவது படிய வேண்டும். அறுத்த கம்பி முனைகளை வெளிப்பக்கமாக மடித்துவிடுங்கள். போல்ட்டின் தலையும் அகலமான வாஷரும் உள்ளே, நட்டு வெளியே. குளூ கன் பசையை உரித்துவிடும். பிளாஸ்டிக் கேபிள் டையை ஒரே இரவில் அறுத்துவிடும்.

வலை எவர்சில்வராக இருந்தால் நல்லது. துத்தநாகம் பூசிய வலையைக் கடித்துப் பூச்சை விழுங்கினால் உடம்புக்குக் கெடுதல். கொசுவலை, அலுமினிய வலை இரண்டும் இதற்கு ஆகாது. கண்ணளவு 6 மில்லிமீட்டர் போதும். குள்ள ஹேம்ஸ்டருக்கு அதற்குமேல் வேண்டவே வேண்டாம், தலை நுழைந்தால் உடம்பு தானாக நுழைந்துவிடும். மீன்தொட்டிக்கும் இதே வலை மூடி தேவை. ஓடுசக்கரத்தின் மேல் ஏறி விளிம்பை எட்டிவிடும் சாமர்த்தியசாலிகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒட்டுப்பலகையில் செய்வதை நான் ஊக்குவிப்பதில்லை. சிறுநீர் ஊறும், இந்த ஈரக்காற்றில் பூசணம் பிடிக்கும், பலகை சேரும் ஒவ்வோர் இடமும் ஒரு விளிம்பு. பிடிவாதமாகச் செய்பவர்கள் உள்மூலைகளில் எவர்சில்வர் கோணத்தகடு அடியுங்கள்.

பெட்டி தயாரானதும் 20 சென்டிமீட்டருக்குக் குறையாமல் படுக்கை நிரப்புங்கள். காகிதப் படுக்கையோடு வைக்கோல் கலந்தால் தோண்டிய வளை இடியாது. தேவதாரு வகை மரச்சீவல்களின் வாசனை மூச்சுக்குழாய்க்கு ஆகாது. கடிக்க ஆப்பிள் மரக்குச்சி, அச்சில்லாத அட்டைப்பெட்டி போதும். சிரிய ஹேம்ஸ்டர் என்றால் ஒரு கூட்டில் ஒன்றுதான். இரண்டை வைத்தால் சண்டைக் காயத்தோடு என்னிடம் வருவீர்கள்.

சிங்கப்பூரில் வெப்பத்தை மறக்க முடியாது. பிற்பகலில் 32, 33 டிகிரி சர்வசாதாரணம். இந்தப் பிராணிக்கு 20 முதல் 24 டிகிரிதான் இதம், வியர்க்கவும் வியர்க்காது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் மேற்கு வெயில் விழும் சன்னலோரமும், துணி காயும் பின்கட்டும் கூட்டுக்கு இடமல்ல. வீடு புதுப்பித்தபோது மிஞ்சிய தரை ஓடு ஒன்றைப் படுக்கையின் மேல் வையுங்கள். வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொள்ளும்.

கடிக்கும் இடத்தில் மிளகாய்த்தூள், வேப்பெண்ணெய், தலைவலித் தைலம் தடவுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. பாட்டிமார் மன்னிக்க வேண்டும். பாதத்தில் பட்டது முகம் கழுவும்போது கண்ணுக்குப் போகும், உணவை அடக்கிவைக்கும் கன்னப்பைக்குள் போகும். அந்த வாசனையோடு இரவு முழுவதும் அடைபட்டிருப்பது அதற்குத் தண்டனை.

எப்படியும் தப்பிவிட்டால் முதல் வேலை, வீட்டில் எலிக்கு வைத்த பசைப் பலகைகளை எடுப்பது. மின்கம்பிகளின் செருகிகளைக் கழற்றுங்கள். விளக்கணைத்து, தரையில் உணவு வைத்து, குளிர்சாதனப் பெட்டி, துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றின் பின்னால் காதுகொடுத்துக் கேளுங்கள்.

கடித்த பிளாஸ்டிக்கில் பெரும்பகுதி வயிற்றுக்குள் போவதில்லை. முன்பல்லுக்குப் பின்னால் உதட்டு மடிப்பு வாயை அடைத்துக்கொள்வதால் சுருள்கள் வெளியே விழுகின்றன. ஆனாலும் ஒரு பக்கக் கன்னம் மட்டும் உப்பியபடியே இருந்தாலோ, எச்சில் வழிந்தாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமலோ புழுக்கை போடாமலோ இருந்தாலோ, மறுநாள்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கடித்த துண்டையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.