டிப்ஸ், கிராஜுவிட்டி, இனாம்: கப்பல் பயணத்தில் எதற்கு எந்தச் சொல்?

சொகுசுக் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்யும்போது, கட்டண விவரத்தின் அடியில் ‘கிராஜுவிட்டி’ என்று ஒரு வரி இருக்கும். தமிழில் இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்கு ஓய்வு பெறும் ஊழியருக்குக் கிடைக்கும் தொகைதான் நினைவுக்கு வரும். அதற்குப் ‘பணிக்கொடை’ என்ற நல்ல தமிழ்ச் சொல்லும் நிலைபெற்றுவிட்டது. ஆனால் கப்பல் கட்டணத்தில் வரும் கிராஜுவிட்டியைப் பணிக்கொடை என்று மொழிபெயர்த்தால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. அங்கே அது அறையைச் சுத்தம் செய்பவருக்கும், உணவு பரிமாறுபவருக்கும், இன்னும் சிலருக்கும் பயணி கொடுக்கும் டிப்ஸைக் குறிக்கிறது.

ஒரே சொல் இந்த இரண்டு இடங்களுக்கும் எப்படிப் போனது? இலத்தீனில் ‘கிராத்துஸ்’ என்றால் இனியது, நன்றிக்குரியது. அதன் வழியில் வந்த சொல் கொடையைக் குறித்தது. கொடுத்தே ஆகவேண்டும் என்றில்லாமல் மனம் உவந்து தருவது என்பதுதான் அடிப்படைப் பொருள். ஓய்வு பெறுபவருக்கு முதலாளி தந்ததும் முதலில் அப்படித்தான். பிறகு சட்டம் வந்து அதை ஊழியரின் உரிமையாக்கியது. கப்பல் கிராஜுவிட்டியும் கிட்டத்தட்ட அதே பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. பெயரில் கொடை, நடைமுறையில் கட்டணம். ‘எவ்வளவு கொடுப்பது, எப்போது கொடுப்பது’ என்று பயணிகள் தடுமாறுவதற்குப் பாதிக் காரணம் இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் இருப்பதுதான்.

‘டிப்’ என்பதன் கதை வேறு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துத் திருடர்களின் குழூஉக்குறியில் அது ‘கொடு, கைமாற்று’ என்ற வினையாக இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் வேலை செய்தவருக்குத் தரும் சிறு தொகைக்குப் பெயராயிற்று. ‘விரைவான சேவையை உறுதிசெய்ய’ என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்து பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறதே, அதை நம்ப வேண்டாம். முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல் செய்யும் பழக்கம் பரவலானதே 20ஆம் நூற்றாண்டில்தான்.

தமிழுக்கு வந்தபோது இந்தச் சொல் பன்மை வடிவத்தோடு வந்து ஒருமையாகிவிட்டது. ‘ஒரு டிப்ஸ் கொடுத்தேன்’ என்றால் யாருக்கும் உறுத்துவதில்லை. அழகுக் குறிப்பும் சமையல் குறிப்பும்கூட டிப்ஸ்தான். அதனால் ‘கப்பல் பயணத்துக்கு டிப்ஸ்’ என்று தலைப்பைப் பார்த்தால் உள்ளே இருப்பது பணமா யோசனையா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.

பிற மொழிகள் இந்தக் காசை எப்படிப் பார்த்தன என்பது சுவையான விஷயம். பிரெஞ்சில் ‘பூர்புவார்’, அதாவது குடிப்பதற்கு. ஜெர்மனில் ‘டிரிங்க்கெல்ட்’, குடிக்கிற பணம். ஹங்கேரியன் சொல்லில் வைன் இருக்கிறது, போலிஷ் சொல்லில் பீர் இருக்கிறது. ஸ்பானிஷ் ‘புரோபினா’வின் வேர், விருந்தினர் நலம் சொல்லிக் கோப்பை உயர்த்துவதைக் குறித்த கிரேக்க வினை. போர்ச்சுகீசியம் கோப்பையைத் தாண்டி நேராகத் தொண்டைக்கே போய்விட்டது. ‘கொர்ஜெட்டா’வுக்கு வேர் தொண்டை. ரஷ்யர்கள்தான் கொஞ்சம் அடக்கமாகத் தேநீரோடு நின்றார்கள். கொடுப்பவர் ‘இது உன் கூலி இல்லை, ஏதாவது வாங்கிக் குடி’ என்று சொல்வதாகவே இத்தனை மொழிகளும் அமைந்திருக்கின்றன. கூலி வேறு, இது வேறு என்ற கோடு அந்தச் சொற்களிலேயே இருக்கிறது.

கீழ்த்திசைச் சொற்களில் குடி இல்லை, கொடை இருக்கிறது. ‘பக்‌ஷீஸ்’ பாரசீகத்தில் ‘கொடுத்தருள்’ என்ற வினையிலிருந்து வந்தது. ‘இனாம்’ அரபியில் அருட்கொடை. தமிழில் இனாம் என்பது வரி நீக்கித் தந்த நிலத்துக்கும் பெயராக இருந்தது. அப்புறம் ‘சும்மா கிடைப்பது’ என்று தேய்ந்தது. ‘இனாமாகக் கொடுத்தார்கள்’ என்றால் இலவசம் என்றுதான் இன்று அர்த்தம். வேலை செய்தவருக்குத் தரும் சில்லறைக்கு இனாம் என்ற பொருள் முதியவர்களின் பேச்சில் இன்னும் இருக்கிறது. பொருத்தமான சொல்தான், ஆனால் வாங்குபவர் உழைக்காமல் பெற்றதுபோல ஒரு தொனி ஒட்டிக்கொண்டுவிட்டது.

சரி, நம் கையில் வேறு என்ன சொற்கள் இருக்கின்றன? ‘வெகுமதி’ வடமொழி வழி வந்தது. பெருமதிப்பு என்பது மூலப்பொருள். இன்று போட்டியில் வென்றவருக்கோ, துப்புக் கொடுத்தவருக்கோ தருவது. ‘சன்மானம்’ எழுத்தாளருக்கும் பேச்சாளருக்கும் உரியதாகிவிட்டது. ‘கையூட்டு’ பக்கமே போகக்கூடாது, அது லஞ்சம். ‘மாமூல்’ என்பதும் அரபியில் ‘வழக்கமானது’ என்று அப்பாவியாகத் தொடங்கி, இங்கே வந்து கெட்டுப்போன சொல். ‘கொசுறு’ திசை மாறியது: அது விற்பவர் வாங்குபவருக்குத் தரும் கூடுதல். மிச்சமிருப்பது ‘அன்பளிப்பு’. கட்டாயம் இல்லை, மனமுவந்து தருவது, வாங்குபவரைத் தாழ்த்தாதது. கையில் கொடுக்கும் டிப்ஸுக்கு இதுவே போதும் என்பது என் எண்ணம்.

ஆனால் பழைய சொல் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது: ‘பரிசில்’. புலவரும் பாணரும் கலைக்கு ஈடாகப் பெற்ற கொடை. புறநானூற்றின் 208ஆம் பாட்டில் பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் வேண்டிப் போகிறார். அரசன் அவரை நேரில் பார்க்காமலே ‘இதைக் கொண்டு போகட்டும்’ என்று பொருள் கொடுத்தனுப்ப, புலவருக்குக் கோபம் வருகிறது. ‘காணாது ஈத்த இப்பொருட்கு யான் ஓர் வாணிகப் பரிசிலன் அல்லேன்’ என்கிறார். தினையளவு என்றாலும் என் தரம் அறிந்து, விரும்பித் தந்தால் அது இனிது என்பது அவர் கட்சி.

கப்பலில் நடப்பது பெரும்பாலும் இந்தக் ‘காணாது ஈத்தல்’தான். முன்பெல்லாம் பயணத்தின் கடைசி இரவில் பயணிகள் உறைகளில் பணம் போட்டு, அறைப் பணியாளருக்கு ஒன்று, உணவு பரிமாறியவருக்கு ஒன்று, அவருடைய உதவியாளருக்கு ஒன்று, மேற்பார்வையாளருக்கு ஒன்று என்று நேரில் கொடுப்பார்கள். இப்போது பெரிய கப்பல் நிறுவனங்களில் பெரும்பாலானவை ஆளுக்கு, நாளுக்கு இவ்வளவு என்று பயணியின் கப்பல் கணக்கில் தாமாகவே ஏற்றிவிடுகின்றன. அமெரிக்கப் பயணிகளை மையமாகக் கொண்ட நிறுவனங்களில் அண்மை ஆண்டுகளில் சாதாரண அறைக்கு இது ஏறக்குறைய 16 முதல் 20 டாலர் வரை. சூட் எனப்படும் பெரிய சொகுசு அறைகளுக்கு இன்னும் சில டாலர்கள் கூடும். ஆளுக்கு 18 டாலர் என்று வைத்தால், இருவர் 7 இரவு போய்வர 252 டாலர். டிக்கெட் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டவருக்கு இது சின்னத் தொகை இல்லை. குழந்தைகளுக்கும் உண்டா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: சில குறிப்பிட்ட வயதுக்குக் கீழே விட்டுவிடுகின்றன, சில கைக்குழந்தைக்கும் வாங்குகின்றன.

இந்தத் தொகைக்கு நிறுவனங்கள் வைத்திருக்கும் பெயர்களைப் பாருங்கள். கார்னிவல், ராயல் கரீபியன் இரண்டும் கிராஜுவிட்டி என்கின்றன. நார்வீஜியன் ‘சேவைக் கட்டணம்’ என்கிறது. எம்எஸ்சி ‘ஹோட்டல் சேவைக் கட்டணம்’ என்கிறது. பிரின்சஸும் ஹாலந்து அமெரிக்காவும் ‘பணியாளர் பாராட்டு’ என்ற பொருளில் பெயர் வைத்திருக்கின்றன. பாராட்டை நாள் கணக்கில் பில் போடுவது ஒரு வேடிக்கைதான். நேர்மையான பெயர் என்று பார்த்தால் ‘சேவைக் கட்டணம்’தான். தமிழிலும் தானாகக் கணக்கில் ஏறும் தொகையைச் சேவைக் கட்டணம் என்றும், அதற்கு மேல் நாமாகக் கையில் கொடுப்பதை அன்பளிப்பு என்றும் பிரித்து எழுதினால், ‘இதுவும் கொடுத்து அதுவும் கொடுக்கணுமா’ என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். முதலாவதைக் கொடுத்தவர் இரண்டாவதைக் கொடுக்கக் கடமைப்பட்டவர் இல்லை.

முதலாவதை நீக்கிவிடலாமா? பல நிறுவனங்களில் வரவேற்பு மேசையில் கேட்டுக் குறைக்கவோ நீக்கவோ முடியும். ஆனால் செய்வதற்கு முன் அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. அது ஒருவருக்கு மட்டும் போவதில்லை. அறை, உணவுக்கூடப் பணியாளர்களோடு, சலவை, சமையலறை என்று பயணி கண்ணிலேயே படாத பலருக்கும் பகிரப்படுவது வழக்கம். பெருஞ்சித்திரனார் சொன்னது புலவருக்குச் சரி. கப்பலின் அடித்தளத்தில் விரிப்புகளைத் துவைப்பவருக்குக் காணாது ஈத்தால்தான் உண்டு. கட்டணத்தை நீக்கிவிட்டு, பிடித்த இரண்டு பேருக்கு மட்டும் கையில் கொடுப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. போதாததற்கு, சேவைக் கட்டணத்தை நீக்கிய பயணி தரும் ரொக்கத்தைப் பணியாளர் பொதுத் தொகுப்பில் சேர்த்துவிட வேண்டும் என்ற விதியும் சில இடங்களில் இருக்கிறது.

இன்னொன்று, இது கூலிக்கு மேல் வரும் சில்லறை என்று நினைத்தால் தவறு. பல கப்பல்கள் பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவாகி, அவற்றின் கொடியோடு ஓடுபவை. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டாலும் அந்நாட்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அவற்றின் பணியாளர்களுக்குச் செல்லாது. 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறையில் இருக்கும் பன்னாட்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைதான் அவர்களுக்குக் காப்பு. வேலை நேரத்துக்கு அது அனுமதிக்கும் வரம்புகளில் ஒன்று 24 மணிநேரத்தில் 14 மணி, 7 நாளில் 72 மணி. ஒப்பந்தங்கள் பல மாதங்கள் நீளும். அறைப் பணியாளர், பரிமாறுபவர் போன்றோரின் வருமானத்தில் பயணிகள் தரும் தொகைக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தச் செலவை நிறுவனம் டிக்கெட்டிலேயே சேர்த்துவிட்டால் என்ன என்று கேட்டால், கேட்கவேண்டிய கேள்விதான். சில அப்படித்தான் செய்கின்றன: ரீஜென்ட் செவன் சீஸ், சீபோர்ன், சில்வர்சீ போன்ற உயர்விலை நிறுவனங்களில் அது கட்டணத்துக்குள் அடக்கம். பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019இல் தினசரிச் சேவைக் கட்டணத்தை எடுத்துவிட்டது. மற்றவை டிக்கெட் விலையைக் குறைவாகக் காட்டவே விரும்புகின்றன.

அடுத்து, கவனிக்காமல் இரண்டு முறை கொடுத்துவிடும் இடங்கள். மதுக்கூடம், தனிக் கட்டண உணவகம், ஸ்பா இவற்றில் பில்லிலேயே 18 அல்லது 20 விழுக்காடு சேர்ந்துதான் வரும். அதன் கீழே ‘கூடுதல் டிப்’ என்று ஒரு வெற்றுக் கோடும் இருக்கும். அந்தக் கோடு காலியாக இருந்தால் தப்பில்லை. பானங்களுக்கு மொத்தமாகத் தொகுப்பு வாங்கியவர்களுக்கும் இந்த விழுக்காடு பெரும்பாலும் வாங்கும்போதே சேர்ந்திருக்கும்.

அன்பளிப்பு உண்மையில் தேவைப்படும் இடங்கள் சேவைக் கட்டணம் எட்டாத இடங்கள். அறைக்கே உணவு கொண்டுவருபவருக்கு 2 முதல் 5 டாலர். அமெரிக்கத் துறைமுகத்தில் பெட்டியைத் தூக்கி ஏற்றுபவர் கப்பல் நிறுவன ஊழியர் அல்ல. அவருக்குப் பெட்டிக்கு 1 அல்லது 2 டாலர், அங்கேயே, அப்போதே. கரையிறங்கிச் சுற்றிக்காட்டும் வழிகாட்டியும் ஓட்டுநரும் அந்தந்த ஊர்க்காரர்கள். அவர்களுக்கு அந்த ஊர் வழக்கம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவினர் பல கப்பல்களில் பகிர்வில் சேர்வதில்லை, விசாரித்துக் கொள்ளலாம். சூதாட்டக் கூடத்தில் சீட்டுப் போடுபவருக்கு, அங்கே பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் சில்லுகளாகவே தருவார்கள். கேப்டனுக்கும் அதிகாரிகளுக்கும் கொடுப்பதில்லை. நன்றி சொன்னால் போதும்.

அறைப் பணியாளருக்குச் சேவைக் கட்டணத்துக்கு மேல் தர விரும்பினால் ஒரு வாரப் பயணத்துக்கு 10, 20 டாலர் என்பது பலரும் செய்வது. கூடுதல் தலையணை, தினமும் ஐஸ், முதியவருக்கு உதவி என்று ஆரம்பத்திலேயே அதிகம் கேட்கப்போகிறவர்கள் முதல் நாளே ஒரு பங்கைக் கொடுத்துவிடுவதும் உண்டு. மற்றவர்களுக்குக் கடைசி மாலைதான் நேரம். இறங்கும் காலையில் கொடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால் ஆளைப் பிடிக்க முடியாது. அன்று அதே அறைக்கு அடுத்த பயணி வர சில மணிநேரமே இருக்கும், அவர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். பெயர் எழுதிய உறையில், கப்பல் கணக்கு எந்த நாணயத்திலோ அந்த நாணயத்தின் தாள்களாகக் கொடுப்பது நல்லது. பல நாட்டுக் காசுகளைச் சில்லறையாகக் கொட்டினால் அவர்களால் மாற்ற முடியாது.

சேவைக் கட்டணத்தைக் குறைக்க வேண்டிய நியாயமான காரணம் இருந்தால், அதையும் கடைசிக் காலைக்கு வைக்கக்கூடாது. குறை என்ன என்று முதலில் சொன்னால்தான் சரிசெய்ய அவர்களுக்கு வழி இருக்கும். பதிவு செய்யும்போதே அதை முன்கூட்டிக் கட்டியவர்கள் கப்பல் கணக்கில் அது மறுபடி ஏறவில்லையா என்று இரண்டாம் நாளே ஒருமுறை பார்த்துவிடலாம். அங்கே தேடவேண்டிய வரி கிராஜுவிட்டி என்றும் இருக்கலாம், சேவைக் கட்டணம் என்றும் இருக்கலாம், பணியாளர் பாராட்டு என்றும் இருக்கலாம்.