மலைக்காற்றில் காடை முட்டை ஏன் பொரிப்பதில்லை?

உதகமண்டலத்தில் ஆடி மாதம் என்றால் சன்னலுக்கு வெளியே பத்தடி தூரம் தெரியாது. துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. அலமாரியில் வைத்த தோல் செருப்பில் பூஞ்சணம் பூத்திருக்கும். அப்படிப்பட்ட ஓர் ஆடியில்தான் முப்பது ஜப்பானியக் காடை முட்டைகளை முதன்முதலாக இன்குபேட்டரில் அடை வைத்தேன். ஊரே ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது பெட்டிக்குள் தனியாகத் தண்ணீர் எதற்கு என்று எண்ணி, தண்ணீர்த் தட்டைப் பேருக்குத்தான் நனைத்து வைத்தேன். பதினெட்டாம் நாள் முடிவில் வெளிவந்தவை ஏழே குஞ்சுகள்.

மிஞ்சிய இருபத்து மூன்று முட்டைகளைக் குப்பையில் கொட்டாமல் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தேன். அடை வைப்பதில் தோற்றவர் செய்ய வேண்டிய முதல் வேலை அதுதான் என்பதை அன்றைக்கு நான் அறிந்து செய்யவில்லை, ஆற்றாமையில் செய்தேன். சில முட்டைகளில் மஞ்சள் கரு அப்படியே இருந்தது. அவை கரு கூடாத கூமுட்டைகள். இரண்டில் மஞ்சள் கருவின் மேல் மெல்லிய இரத்த வளையம் தெரிந்தது. கரு முதல் சில நாள்களிலேயே இறந்துபோனதன் அடையாளம் அது. மற்றவற்றில் இறகு முளைத்து முழுதாக வளர்ந்த குஞ்சு, கழுத்தை மடக்கி, அலகை மேலே தூக்கி, வெளியே வரத் தயாராக இருந்த நிலையிலேயே செத்துக் கிடந்தது. முட்டையின் அகன்ற பக்கத்தில் இருக்கும் காற்றறை அளவுக்கு மீறிப் பெருத்திருந்தது. உள்சவ்வு காய்ந்த பசைத்தாள்போலக் குஞ்சின் உடம்போடு ஒட்டிக்கொண்டு, நகத்தால் உரித்தாலும் வர மறுத்தது. குஞ்சு திரும்பவும் முடியாமல் ஓட்டைக் கொத்தவும் முடியாமல் இறுகிப்போயிருந்தது. வெளியே மூடுபனி சொட்டிக்கொண்டிருக்க, உள்ளே குஞ்சுகள் வறட்சியில் செத்திருந்தன.

இது முரண்போலத் தோன்றினாலும் கணக்கு எளியது. காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. 12 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 11 கிராம் நீராவியோடு நிறைந்துவிடும். அதற்கு மேற்பட்டதைத்தான் பனியாகவும் துளியாகவும் நாம் பார்க்கிறோம். 37.5 டிகிரியிலோ நிறைவதற்கு ஏறத்தாழ 45 கிராம் வேண்டும். ஆகவே 12 டிகிரியில் நூறு விழுக்காடு ஈரப்பதத்தோடு இருக்கும் மலைக்காற்று, இன்குபேட்டரின் துளை வழியாக நுழைந்து 37.5 டிகிரிக்குச் சூடேறியவுடன், ஒரு துளி நீரையும் இழக்காமலேயே, அதன் ஈரப்பதம் சுமார் 22 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. உறைபனி விழும் தை மாதத்தில், வெளியே 5 டிகிரி இருந்தால், அது 13 விழுக்காட்டுக்கு அருகில் போய்விடும். சென்னையில் 30 டிகிரியும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு நாளில் இதே பெட்டிக்குள் தண்ணீரே ஊற்றாவிட்டாலும் ஏறத்தாழ 49 விழுக்காடு கிடைக்கும். சமவெளியில் இருப்பவர் “தண்ணீர் ஊற்றாமலே எனக்கு நன்றாகப் பொரித்தது” என்று சொல்வது பொய்யல்ல. அவருடைய காற்றுக்கு அது உண்மை.

முட்டை நீரை இழப்பது தவறன்று, இழந்தே ஆகவேண்டும். ஓட்டில் உள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியாக நீராவி வெளியேற வெளியேற, அந்த இடத்தைக் காற்றறை பிடித்துக்கொள்கிறது. கடைசி நாள்களில் குஞ்சு முதலில் குத்துவது ஓட்டையன்று, காற்றறைச் சவ்வை. முதல் மூச்சை அங்கேதான் இழுக்கிறது. நீர் குறைவாக வெளியேறினால் காற்றறை சிறுத்து, குஞ்சு உப்பிப்போய் மூச்சு முட்டிச் சாகும். அதிகமாக வெளியேறினால் என் முதல் தொகுதிக்கு நேர்ந்தது நேரும். பதினைந்தாம் நாளுக்குள் முட்டையின் தொடக்க எடையில் 11 முதல் 13 விழுக்காடு வரை குறைவது பொருத்தமான அளவு.

இந்த இழப்பை உயரம் இன்னும் கூட்டுகிறது என்பதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ 77 விழுக்காடுதான்; கொடைக்கானலிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. காற்று மெலிந்திருந்தால் நீராவி மூலக்கூறுகள் நுண்துளையைக் கடக்கும் வழியில் மோதி நிற்பது குறைகிறது. எனவே அதே ஓடு, அதே வெப்பநிலை, அதே ஈரப்பதம் என்றாலும் நீராவி ஏறத்தாழ 1.3 மடங்கு வேகமாக வெளியேறும். முட்டை ஓட்டின் வழியே வாயுக்கள் ஊடுருவுவதை 1970களில் விரிவாக ஆராய்ந்த உடலியல் அறிஞர் ஹெர்மன் ரானும் அவருடைய குழுவினரும் இந்தத் தொடர்பைத் தெளிவாக்கினார்கள். உயரத்திலேயே முட்டையிடும் பறவைகளின் ஓட்டில் நீராவி கசியும் திறன் குறைந்திருப்பதும் அந்த ஆய்வுகளின் வழியே தெரியவந்தது. நாம் அடை வைப்பதோ பெரும்பாலும் நாமக்கல், கோவைப் பக்கத்திலிருந்து மலையேறி வரும் முட்டை. அதன் ஓடு சமவெளிக் காற்றுக்கென்று அமைந்தது.

இதையும் கணக்கில் கொண்டு வரலாம். முதல் பதினைந்து நாள்களுக்கு 50 விழுக்காடு ஈரப்பதம் என்று சமவெளிக்கான கையேடு சொன்னால், உதகையில் அதே அளவு நீரிழப்பு நடக்க ஏறத்தாழ 60 விழுக்காடு வைக்கவேண்டும். ஆனால் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மலிவான ஈரமானிகள் பத்து விழுக்காடு வரை கூசாமல் பொய் சொல்லும். சமையல் உப்பைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஈர மணல்போலப் பிசைந்து, ஒரு சிறு கிண்ணத்தில் இட்டு, அதோடு ஈரமானியையும் காற்றுப்புகாத டப்பாவில் சில மணி நேரம் மூடி வைத்தால் அது 75 விழுக்காடு காட்டவேண்டும். எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு பிழை.

அதைவிட நம்பகமானது தராசு. முப்பது முட்டையும் சேர்த்து 330 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து நாளில் 12 விழுக்காடு, அதாவது சுமார் 40 கிராம் குறையவேண்டும். நாளொன்றுக்கு இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். ஐந்தாம் நாள் காலையில் நிறுத்துப் பார்க்கும்போது 317 கிராம் இருந்தால் கவலையில்லை. 308 என்று காட்டினால் அதே வேகத்தில் பதினைந்தாம் நாளுக்குள் 20 விழுக்காடு போய்விடும்; அன்றைக்கே தண்ணீர்ப் பரப்பைக் கூட்டவேண்டும். தண்ணீரின் ஆழம் அன்று, பரப்புதான் கணக்கு. தட்டில் ஒரு துண்டுப் பஞ்சு மெத்தையை நிறுத்தி வைத்தாலே வேறுபாடு தெரியும். கூமுட்டையும் உயிர்முட்டையும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் நீரை இழக்கும் என்பதால், மொத்தமாக நிறுப்பதில் பெரிய பிழை வராது.

இரண்டாவது தொகுதியில் நான் மறுபக்கம் போய் விழுந்தேன். ஈரம் வெளியேறக்கூடாது என்று பெட்டியின் காற்றுத் துளைகளை ஒட்டுநாடாவால் அடைத்தேன். ஈரமானி அழகாக 65 காட்டியது. வெப்பமும் நிலையாக நின்றது. குஞ்சுகள் பதினாறாம் நாள்வரை வளர்ந்து, ஓட்டைக் கொத்தாமலே அடங்கிப்போயின. உதகைக் காற்றிலும் ஆக்ஸிஜனின் பங்கு 21 விழுக்காடுதான். ஆனால் அழுத்தம் குறைவாக இருப்பதால் கருவுக்குக் கிடைப்பது கடற்கரையில் 16 விழுக்காடு ஆக்ஸிஜன் உள்ள காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். அடைகாலத்தின் கடைசிப் பகுதியில் ஆக்ஸிஜன் தேவை பெருகும் நேரத்தில், ஏற்கெனவே குறைவாக இருப்பதையும் நான் அடைத்துவிட்டேன். உயரமான இடங்களில் இயங்கும் பெரிய பொரிப்பகங்களில் ஆக்ஸிஜன் செலுத்துவதே உண்டு. வீட்டில் அது ஆகாது. துளைகளைத் திறந்து வைத்து, வெளியேறும் ஈரத்தைத் தண்ணீர்ப் பரப்பால் ஈடுகட்டுவதுதான் நமக்கு உள்ள வழி. துளையைத் திறந்தால் ஈரமும் வெப்பமும் போகும், மூடினால் மூச்சு போகும் என்ற இந்த இழுபறிதான் மலையில் அடை வைப்பதன் முழுச் சிக்கலும்.

வெப்பநிலையைப் பொறுத்தவரை மலைக்கென்று தனி எண் இல்லை. விசிறி உள்ள பெட்டியில் 37.5 முதல் 37.7 டிகிரி; விசிறி இல்லாத பெட்டியில், முட்டையின் மேல்மட்டத்தில் அளந்தால், 38.3 டிகிரிக்குச் சற்று மேல். சிக்கல் அளப்பதில் இருக்கிறது. வெப்பமானியைச் சோதிக்கக் கொதிநீரில் இட்டுப் பார்க்கும் பழக்கம் இங்கே உதவாது. உதகையில் தண்ணீர் 93 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி வீட்டில் இருந்தால், அது நமக்கு வேண்டிய எல்லைக்குள்ளேயே துல்லியமாக அளக்கும். வெதுவெதுப்பான நீரில் இரண்டையும் ஒன்றாக வைத்து ஒப்பிட்டால் போதும். குஞ்சுகள் ஒரு நாள் முந்தி, தொப்புள் ஆறாமல் வந்தால் சூடு அதிகம். பதினெட்டாம் நாளைத் தாண்டி, வயிறு பெருத்துத் தள்ளாடி வந்தால் சூடு குறைவு.

தெர்மாகோல் பெட்டியைச் சன்னலோரம் வைத்தவர்களுக்கு இரண்டாவது நிலைமைதான் வாய்க்கும். வீட்டின் நடு அறையில், வெளிச்சுவரைத் தொடாமல், மேசைமேல் வைப்பது நல்லது. சுற்றிலும் கம்பளி போர்த்தலாம், துளைகளை மட்டும் விட்டுவிடவேண்டும். மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவது இங்கே புதிதன்று. ஓரிரண்டு மணி நேரக் குளிர்ச்சியைக் கரு பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும்; வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தால் இன்னும் நீடிக்கும். பதறிப்போய்ச் சூட்டைக் கூட்டுவதுதான் ஆபத்து, ஏனென்றால் 40 டிகிரியைத் தாண்டிய சில மணி நேரமே ஒரு தொகுதியை முடித்துவிடப் போதும்.

மலைக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. அடை வைக்கும்வரை முட்டையைச் சேமிக்க உகந்த 13 முதல் 18 டிகிரி வரையிலான வெப்பம், ஆண்டின் பெரும்பகுதியில் நம் வீட்டு அறையிலேயே கிடைக்கிறது. ஏழு நாளுக்கு மேல் மட்டும் வைக்கக்கூடாது. குளிர்ந்த முட்டையை நேரே ஈரமும் சூடும் உள்ள பெட்டிக்குள் வைத்தால் ஓட்டின்மேல் வியர்வை அரும்பும். அந்த ஈரத்தோடு கிருமிகள் நுண்துளைக்குள் இறங்கும். சில மணி நேரம் சமையலறை போன்ற கதகதப்பான இடத்தில் வைத்திருந்து பிறகு அடுக்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தில் கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து வந்த முட்டைகளுக்கு, கூர்முனை கீழாக, ஒரு நாள் ஓய்வும் வேண்டும். குலுங்கிய காற்றறை அதற்குள் தன் இடத்தில் அமர்ந்துகொள்ளும்.

முட்டைகளைத் திருப்புவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: நாளொன்றுக்கு மூன்று முறைக்குக் குறையாமல், பதினான்காம் நாள்வரை. கோழி முட்டைக்கான தானியங்கி அடுக்கில் காடை முட்டை ஒழுங்காக உருளாது. கையால் திருப்புவதே எனக்குச் சரிப்பட்டது. ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்க்கலாம் என்றாலும், காடை முட்டையின் கரும்புள்ளிகள் பாதியை மறைத்துவிடும். ஐயமாக இருப்பவற்றைக் கழிக்காமல் விட்டுவிடுவதே மேல். பதினைந்தாம் நாளிலிருந்து ஈரப்பதத்தை 70 விழுக்காட்டை ஒட்டி உயர்த்தி, மூடியைத் தொடாமல் இருக்கவேண்டும். மலையில் மூடியை ஒரு முறை திறப்பதென்றால், 60, 70 விழுக்காட்டுக் காற்று முழுவதையும் கொட்டிவிட்டு, சூடேறினால் 22 ஆகிவிடும் காற்றை நிரப்புவதாகும். பாதி ஓடு உடைத்த குஞ்சின் சவ்வு அதற்குள் காய்ந்துவிடும்.

மூன்றாவது தொகுதியில், துளைகள் திறந்திருக்க, இரண்டு தண்ணீர்த் தட்டுகளோடு, ஒன்று விட்டு ஒரு நாள் நிறுத்துப் பார்த்து வைத்ததில், முப்பதில் இருபத்தொரு குஞ்சுகள் வந்தன. மிச்சம் ஒன்பதையும் வழக்கம்போல் உடைத்தேன். மூன்றில் கரு இடையில் நின்றுபோயிருந்தது. மற்ற ஆறும் கரு கூடாதவை. அதற்கு என் பெட்டி பொறுப்பன்று. முட்டை வாங்கிய பண்ணையில் ஐந்து பெட்டைக்கு ஓர் ஆண் என்று விட்டிருந்தார்கள் என்று பிறகு கேட்டபோது தெரிந்தது. இரண்டு, மிஞ்சினால் மூன்று பெட்டைக்கு ஓர் ஆண் இருக்கவேண்டும். அடுத்த தொகுதிக்கு வேறிடத்தில் முட்டை சொல்லி வைத்திருக்கிறேன்.